பேயிடம் அடையாள அட்டை காட்டியவள்

ரொறன்ரோவில் நான் விமானம் ஏறிய அன்று என் இளைய மகன் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒக்டோபர் மாதக் கடைசியில் அங்கே ஹலோவீன் என்ற பேய்த் திருநாள், அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வெள்ளைக் கட்டில் விரிப்பில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, அதைப் போர்த்திக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவதற்கு இப்போதே ஆயத்தமாக நின்றான். கூட்டிக்கொண்டு போக வேண்டியவள் நான். "சித்தியை நீங்கள் எப்பவும் பாக்கலாம், ஹலோவீன் வருசத்தில ஒருக்காத்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். எப்பவும் பார்க்கலாமாம். நான் அவளைப் பார்த்துப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. பாதி வழி அவன் பேச்சை நினைத்துச் சிரித்துக்கொண்டும் மீதி வழி மூக்கைத் துடைத்துக்கொண்டும் வந்தேன்.

வசந்தி எனக்கு ஒரே தங்கை. யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். அவளுடைய கணவர் நேசன் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். ஒரு பின்னேரம் சைக்கிளில் கடைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வசந்தி ஏறி இறங்காத இராணுவ முகாம் இல்லை. எங்கே போனாலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற பதில்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள்.

அவளைக் கனடாவுக்கு எடுக்க நான் எல்லா அலுவலும் பார்த்து முடித்துவிட்டேன். ஒன்றுதான் மிச்சம். கணவர் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும், இறந்துவிட்டார் என்றால் வேண்டாம் என்று அங்கே என் சட்டத்தரணி சொன்னார். காணாமல் போனவருக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அந்த மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆகவே வசந்தி தான் விதவை என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கடிதத்தில் கேட்கிற விஷயமா இது? சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்ததால் அவளைக் கொழும்புக்கு வரச் சொல்லிவிட்டு, அதைக் கேட்கத்தான் நானும் வந்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வந்த வாடகை வானை ஓட்டியவர் ஹெந்தளைக்காரர், சிங்களவர். வழியில் எத்தனை சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் இறங்கி, பெட்டியைத் திறந்து, மூடி, ஏறி. கடைசிச் சாவடியில் என் பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்று வெளியே உருண்டு விட்டது. வசந்திக்கென்று வாங்கி வந்தது. உள்ளே பற்றரி போட்டிருந்தது, அமுக்கினால் சிரிக்கும். சோதித்த பையன் அதைத் தூக்கிப் பார்க்கவும் அது சிரித்துத் தொலைத்தது.  பையன் இன்னொரு தரம் அமுக்கிச் சிரிக்க வைத்துப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றிப் பிரித்து, திரும்பப் பூட்டத் தெரியாமல் துண்டு துண்டாகவே தந்தான். வான்காரர் சிங்களத்தில், அம்மா என்கிற மரியாதைக்கு நோனா என்று கூப்பிட்டுக் கேட்டார்: "நோனா, கனடாவில் மண்டையோட்டைக் கடையில் விற்கிறார்களா? இங்கே நமக்குச் சும்மா கிடைக்கிறதே." பிறகு அப்படிச் சொன்னதற்காக வருந்தினார் போல, வெள்ளவத்தையில் என் பெட்டியைத் தானே தூக்கி இறக்கித் தந்தார்.

ஏன் மண்டையோடு என்று கேட்பீர்கள். கனடாவுக்குப் போன முதல் வருடம், பக்கத்து வீட்டு முற்றத்தில் கல்லறைகளும் சிலுவையும் கண்டு, ஐயோ செத்த வீடாக்கும், அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள் என்று சோறும் மரக்கறியும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். கதவைத் திறந்த வெள்ளைக்காரி சூனியக்காரி வேடத்தில் நின்றாள்; கல்லறையெல்லாம் ஹலோவீன் சோடனை. நான் தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கு அனுதாபம் சொன்னேன். அவள் கத்தரிக்காய்க் கறி நன்றாயிருந்தது என்று இன்றுவரை சொல்கிறாள். பிறகொரு கடிதத்தில் இதையும் அங்கத்தைய பேய் வீடுகளையும் பற்றி வசந்திக்கு எழுதினேன். அவள் வரிக்கு வரி கேள்வி கேட்டு எழுதினாள். பேய் வீடு என்று கட்டி வைத்திருக்கிறார்களா? காசு கொடுத்தா போகிறார்கள்? உள்ளே என்ன இருக்கும்? நேசன் போன பிறகு அவள் எழுதிய கடிதங்களில் அந்த ஒன்றில்தான் கொஞ்சம் உயிர் இருந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு லொட்ஜ். இருக்கிறவர்கள் எல்லாரும் எதற்கோ காத்திருக்கிறவர்கள். விசாவுக்கு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்கு, லண்டன் தொலைபேசிக்கு. நடைபாதையில் கேட்கிற பேச்சே அதுதான். "உங்களுக்கு வந்திட்டுதோ?" "இன்னும் இல்லை, உங்களுக்கு?" என்ன வந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. மனேஜர் பெட்டியை வைக்கவும் விடவில்லை. "அக்கா, முதல்ல பொலிஸில பதிஞ்சு துண்டு எடுங்கோ. துண்டில்லாமல் நான் உங்களுக்குத் தேத்தண்ணியும் தரமாட்டன்." பகிடியாக்கும் என்று நினைத்தேன். உண்மையாகவே தரவில்லை.

பதிந்து வந்த பிறகு சாப்பிட்ட இடியப்பத்தை என்னவென்று சொல்வேன். ரொறன்ரோவில் நாங்கள் இருக்கிற ஸ்காபரோவிலும் இடியப்பம் இருக்கிறது, குளிர்பெட்டிக்குள் செங்கல் போல. இங்கே கடைப் பையன் வாழையிலைத் துண்டில் ஆவி பறக்க வைத்து, சொதியை ஊற்றி, கட்டைச் சம்பலை ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறான். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணீர் வந்தது. சம்பலால்தான் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். ஓமோம் என்றார், தானும் கண்ணைத் துடைத்தார்.

வசந்தி கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ் எடுத்து, இரண்டாம் நாள் வந்து சேர்ந்தாள். நான் தேடிக்கொண்டு நின்றது என் நினைவில் இருந்த ஒருத்தியை. எனக்கு முன்னாலேயே ஒரு மெலிந்த பெண் பையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன அக்கா, ஆளைத் தெரியேல்லையோ?" என்றாள். கட்டிப் பிடித்துக்கொண்டேன். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அவளோ என் கன்னத்தைக் கிள்ளி, "நல்லாக் கொழுத்துப் போனியள்" என்றாள்.

விஷயத்தை அவள் ஏற்கெனவே ஊகித்துத்தான் வந்திருந்தாள். அன்று பின்னேரம் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக் கல்லில் இருந்து இறால் வடை சாப்பிட்டோம். நான் மெல்லத் தொடங்கினேன். சட்டத்தரணி இப்படிச் சொல்கிறார், ஒரு கையெழுத்துத்தான், வெறும் எழுத்துத்தானே, மனதில் நீ என்னவும் நினைக்கலாம். அவள் வடையில் இருந்த இறாலைத் தனியே கழற்றி வைத்தாள். சின்ன வயதிலும் அப்படித்தான், இறாலைக் கடைசியில் தின்பாள். "நாளைக்குக் கதைப்பம் அக்கா" என்றாள். அவள் யாழ்ப்பாணத்தை விட்டு வர ஆமிக்காரர் கொடுத்த பாஸ் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. நாளைக்கு நாளைக்கு என்று எத்தனை நாளைக்குத்தான் சொல்வாள் என்று எனக்குள் எரிச்சல் வந்தது.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். பிலோமினா அங்கே இருக்கிறாள். கொழும்பில் நான் வேலை செய்த காலத்தில் எனக்குப் பக்கத்து மேசை. வழியில் ஒரு சாவடியில் பஸ்ஸில் இருந்த எல்லாரையும் இறக்கி வரிசையில் நடக்கவிட்டார்கள். பஸ் வெறுமனே முன்னால் போய்க் காத்து நிற்கும், நாங்கள் சோதனை முடிந்து போய் ஏற வேண்டும். அதுதான் வழக்கம். வசந்தி அடையாள அட்டையையும் பொலிஸ் துண்டையும் இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். யாழ்ப்பாண விலாசத்தைக் கண்டதும் கேள்வி நீண்டது. நாங்கள் முடித்துக்கொண்டு போய்ச் சேர, பஸ் எங்கள் குடையையும் பிலோவுக்குக் கொண்டுவந்த பனங்கட்டிப் பொட்டலத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. நனைந்த கோழிகளாகத்தான் பிலோ வீட்டு வாசலில் போய் நின்றோம்.

"அடக் கடவுளே, என்ன மேன் இது, வாங்க வாங்க" என்று பிலோ துவாயோடு ஓடி வந்தாள். ஆணோ பெண்ணோ எல்லாரையும் மேன் என்கிற அவள் பேச்சு மாறவேயில்லை. பத்து நிமிசத்துக்குள் சோறு, மீன் குழம்பு, பொரித்த கருவாடு எல்லாம் மேசைக்கு வந்தது. கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், மாரடைப்பில் போய்விட்டாராம். பிலோ அதைச் சொன்னபோது வசந்தி அவளையே பார்த்தாள். "நீங்க அவரைப் பாத்தனீங்களோ? கடைசியா?" என்று கேட்டாள். "பாத்தேன் மேன். பெட்டியில வெச்சு முகத்தைத் தடவித்தானே அனுப்பினேன்" என்றாள் பிலோ. வசந்தி தலையாட்டினாள். நான் கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிலோ வீட்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் கானிவல் நடந்தது. பிலோவே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். சண்டைக் காலமென்று நேரத்தோடு தொடங்கி, இருட்டி ஒரு மணித்தியாலத்தில் பூட்டிவிடுவார்கள். சேறும் வைக்கோலும் டீசல் மணமும். ஒரு பக்கம் மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் உறுமியது. மற்றப் பக்கம் தகரமும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய நீளக் கொட்டில். வாசலில் பல்லைக் காட்டும் பெண்ணின் படம், சிங்களத்தில் பெரிதாகவும் தமிழில் சின்னதாகவும் எழுத்து: பேய் வீடு. வசந்தி என் கையைப் பிடித்தாள். "அக்கா, இதுதானே அது?"

கனடாவில் நான் பார்த்த பேய் வீடுகளுக்கு முன்னால் இது என்ன. அங்கே கணினி வைத்துப் புகை விடுவார்கள், சுவர் பேசும். இங்கே ஈரச் சாக்குக் கயிறுகள் முகத்தில் தடவின. காற்றாடி ஒன்று வெள்ளைச் சீலையை ஆட்டியது. சவப்பெட்டிக்குள் இருந்து எழும்பியவர் எழும்பும்போது இருமினார். ஆனாலும் இருட்டு உண்மையான இருட்டு. தரை கிறீச்சிட்டது, எங்கேயோ சங்கிலி இழுபட்டது. எனக்கு முன்னால் போன இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். எனக்கும் பழைய பயம் திரும்பி வந்தது. சின்ன வயதில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு நானும் வசந்தியும் மாறி மாறிப் பயமுறுத்தின காலத்துப் பயம்.

கடைசி மூலையில் ஒரு கரும்பேய் நின்றது. முகமெல்லாம் கரி, வாயில் சிவப்பு. அது திடீரென்று பாய்ந்து வந்து டோர்ச் வெளிச்சத்தை எங்கள் முகத்தில் அடித்தது. நான் அலறினேன். வசந்தி அலறவில்லை. கைப்பைக்குள் கையை விட்டாள். அடையாள அட்டையையும் பொலிஸ் துண்டையும் எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துப் பேயிடம் நீட்டினாள்.

பேய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டோர்ச்சைக் கீழே இறக்கியது. "அக்கே, அது தேவையில்லை" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, பிறகு அவளுக்கு விளங்கவில்லையோ என்று தமிழிலும் சொன்னது: "உள்ளுக்கு வைங்க அக்கா. நான் பேய்தான்."

வெளியே வந்தோம். என் தங்கையை இப்படி ஆக்கிவிட்டார்களே என்று கொதித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் வசந்தி சேற்றுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விட முடியாமல். "பேயிட்ட ஐசி காட்டினனான் அக்கா. பேயே வேண்டாமெண்டிட்டுது." பிலோவும் சிரிக்கத் தொடங்கினாள். சனம் சுற்றி நின்று பார்த்தது. நானும் சிரித்தேன், என்ன செய்ய. சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காப் போவமே?" என்றாள்.

இன்னொருக்கா என்று தொடங்கியது நின்றபாடில்லை. அடுத்த நாளும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம். வெள்ளவத்தையில் பகலெல்லாம் சும்மா இருப்பாள், பின்னேரமானால் தலை இழுத்துப் பவுடர் போட்டுக்கொண்டு நிற்பாள். டிக்கெட் கொடுக்கிற சிங்களப் பெண் அவளை "ஐடென்டிட்டி நோனா" என்று கூப்பிடத் தொடங்கினாள். பெட்டிக்குள் இருமுகிறவருக்கு வசந்தி கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பெட்டிக்குள் எழும்பி இருந்து அதைக் குடித்தார். உள்ளே போனால் அவள் வேகமாக நடப்பதில்லை. ஒவ்வொரு மூலையிலும் நிற்பாள். என்னையும் நிற்கச் சொல்வாள். பின்னால் வருகிற சனம் சிங்களத்தில் புறுபுறுக்கும், "இந்த நோனா பேய்க்குச் சொந்தக்காரியோ?"

எனக்கோ நாள் ஓடிக்கொண்டிருந்தது. கொத்துரொட்டிக் கடையில் வைத்துக் கேட்டேன், தகரச் சத்தத்தில் கேட்கவில்லை என்றாள். லொட்ஜில் வைத்துக் கேட்டேன், நித்திரை வருகிறது என்றாள். ஒரு தரம் கோபத்தில் குரலை உயர்த்திவிட்டேன். "உனக்கு அங்க ஆரிருக்கினம்? விழுந்து கிடந்தாலும் தூக்க ஆளில்லை. நான் கனடாவில ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைக்கிறன், தெரியுமே உனக்கு?" அவள் என் தலையைத் தன் மடியில் சாய்த்து மயிரைக் கோதினாள். தங்கை அக்காவுக்குச் செய்கிற வேலையா இது? அந்த மடியை விட்டுவிட்டுத் திரும்பப் போகவேண்டும் என்று நினைக்கவே எனக்கு ஏலாமல் இருந்தது.

நவம்பர் தொடங்கியதும் கத்தோலிக்கருக்கு இறந்த ஆன்மாக்களின் நாள். பிலோ எங்களையும் பொரளைச் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் பூக்காரர், மெழுகுதிரிக்காரர், கடலைக்காரர், ஐஸ்கிறீம்காரர். உள்ளே கல்லறைகளைக் கழுவித் துடைத்து, பூ வைத்து, திரி கொளுத்தி, பக்கத்திலேயே பாய் விரித்து மீன் வைத்த மாலுபாண் சாப்பிடுகிறார்கள். ஒரு தாய் கல்லறையைப் பார்த்து வீட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "மூத்தவன் பாஸ் பண்ணிட்டான், கேட்டீங்களா, மெட்ஸுக்கு ஏ." எனக்கு அது பிடித்திருந்தது. ஸ்காபரோ முற்றத்துப் பிளாஸ்டிக் கல்லறைகளோடு யார் கதைக்கிறார்கள்?

பிலோ தன் கணவருக்குத் திரி கொளுத்தி, செபம் சொல்லி முடித்தாள். பிறகு பையில் இருந்து இன்னொரு திரி எடுத்து வசந்தியிடம் நீட்டினாள். "உங்க மிஸ்டருக்கு ஒண்ணு வைங்க. எங்க கல்லறையிலேயே வைக்கலாம், ஒண்ணுமில்லை." அவள் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. நான்தான் கணக்குப் போட்டேன். வசந்தி அந்தத் திரியைக் கொளுத்தினால் காரியம் முடிந்தது. அதைக் கொளுத்திய கை கையெழுத்தும் வைக்கும்.

வசந்தி திரியை வாங்கினாள். விரலால் உருட்டிப் பார்த்தாள். பிறகு பிலோவின் கையைப் பிடித்து, அதை உள்ளங்கையில் வைத்து மூடினாள். "இதையும் உங்கட அவருக்கே கொளுத்துங்கோ அக்கா. அவருக்கு நல்ல வெளிச்சமா இருக்கட்டும்." பிலோ என்னைப் பார்த்தாள். நான் அங்கால் திரும்பிக் கடலைக்காரரைக் கூப்பிட்டேன்.

விடிந்தால் வசந்தி திருகோணமலை பஸ் எடுக்க வேண்டும். அதற்கு முதல் நாள் பின்னேரமும் கானிவலுக்குப் போனோம், அதற்கும் அதுதான் கடைசி நாள். மழை விட்டிருந்தது. ஒரு பக்கமாகத் தகரத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். பேய் வீட்டு வாசலில் வைத்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். இனி நாளைக்கு என்று சொல்ல நாள் இல்லை.

"வசந்தி, எனக்கு ஒரு மறுமொழி சொல்லு. கையெழுத்து வைக்கிறியோ இல்லையோ?"

"உள்ள போட்டு வந்து சொல்லட்டே?"

"இல்லை, இப்ப சொல்லு. இந்தப் பேய் வீட்டில அப்பிடி என்ன கிடக்கு உனக்கு?"

அவள் வாசல் படத்தைப் பார்த்தபடி சொன்னாள். 

"சொல்லுறன். சிரிக்கக் கூடாது. அக்கா, அவர் பின்னேரம் வந்து சாப்பிடுறன் எண்டுதான் போனவர். முட்டைப் பொரியல் போட்டு மூடி வச்சிருந்தனான். அப்பிடிப் போன ஆள் செத்திருந்தா, வீட்டுப் பக்கம் வராமல் இருப்பாரே? சின்னனில எவ்வளவு கதை கேட்டனாங்கள், ஆசை அடங்காமல் போனவை வீட்டைச் சுத்துமெண்டு. நான் ஒவ்வொரு நாளும் பொழுதுபட விளக்கை நூத்துப்போட்டுக் குசினிக்குள்ள இருந்து பாத்தனான். வரட்டும், பேயா எண்டாலும் வரட்டும் எண்டு. ஒரு நிழல் இல்லை. ஒரு சத்தம் இல்லை. இந்தக் கொட்டிலுக்குள்ள போனால் மூலைக்கு மூலை ஆரோ வருகினம். வந்தால் எப்பிடி இருக்குமெண்டு பாக்கத்தான் திரும்பத் திரும்ப வந்தனான். பயமாவே இல்லை. சந்தோசமாக் கிடக்கு. வீட்டில மட்டும் ஒருத்தரும் வரேல்ல."

என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவர் உயிரோட இருக்கிறார் அக்கா. நான் என்னண்டு அதை எழுதிக் குடுக்கிறது?"

 பத்து வருடம் ஏங்கி, கடல் கடந்து, அவளைக் கையோடு கொண்டுபோகலாம் என்று வந்தேன். அவள் என் முன்னால் நிற்கும்போதே எனக்கு அவள் இல்லாமல் போய்விட்டாள். டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் போய் இரண்டு டிக்கெட் வாங்கினேன். மிச்சக் காசு தருமுன்னமே வசந்தி தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நானும் போனேன். ஈரச் சாக்கு முகத்தில் பட்டது. இருட்டில் அவள் எனக்கு முன்னால் மெதுவாக நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு மூலைக்கும் அவள் ஆவலோடு போய் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று, நேசன் எந்த மூலையிலும் வந்துவிடக் கூடாது என்று எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டுக்கொண்டு நடந்தேன்.